எத்தனை ஆடு என்பது பாதிக் கேள்விதான்

செட்டிநாட்டுக் கிராமங்களில் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அது மழையில் போய்த்தான் நிற்கும். ஆடு குறைந்துவிட்டதா, மழை இல்லை. கண்மாய்க்குக் கொக்கு வரவில்லையா, மழை இல்லை. நாரை மரம் மரமாய்க் கூடு கட்டியிருக்கிறதா, நல்ல மழை. கூரைத் தண்ணீரை முற்றத்தில் இறக்கி அண்டாவில் பிடித்தும், ஊருணிக்குக் காவல் போட்டும் பிழைத்த மண்ணில் இப்படிப் பேசுவது இயல்புதான். இந்த விளக்கம் தவறென்று நான் சொல்லவில்லை, பாதி வழியில் நின்றுவிடுகிறது என்கிறேன். மீதிப் பாதியைத் தேடிச் சில ஆண்டுகளாகச் சூழலியல் ஆய்வுகளை வாசித்து வருகிறேன். அவற்றில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அட்லாண்டிக் கடலில் ஒரு சிறு தீவில் நடக்கும் செம்மறியாட்டு ஆய்வு.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் செயின்ட் கில்டா என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் பெரிய தீவு ஹிர்ட்டா. நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் வாழ்ந்த இடம். ஆள்பலம் குறைந்து, இனிப் பிழைக்க முடியாது என்ற நிலை வந்தபோது, மிஞ்சியிருந்த 36 பேரும் 1930 ஆகஸ்டில் தீவைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, பக்கத்திலுள்ள சோவே தீவிலிருந்து 107 ஆடுகளைப் பிடித்துவந்து ஹிர்ட்டாவில் விட்டார்கள். சோவே ஆடு என்றே அந்த இனத்துக்குப் பெயர். சிறிய உடம்பு, பெரும்பாலும் கரும்பழுப்பு நிறம், பழங்கால இனம். ஆளில்லாத கல்வீடுகளுக்கு நடுவே அவை மேயும் படங்களை முதன்முதலில் பார்த்தபோது நெடுநேரம் அவற்றை விட்டு நகர முடியவில்லை. பூட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் படம் ஏன் அப்படிப் பிடிக்கும் என்பதை இங்கே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1985 முதல் இந்த ஆடுகளை ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் கணக்கெடுக்கிறார்கள். வசந்தத்தில் பிறக்கும் குட்டிகளைப் பிடித்து எடை பார்த்துக் காதில் எண்ணிட்ட வில்லை போடுகிறார்கள். கோடையில் மறுபடி பிடிக்கிறார்கள். குளிர்காலம் முடியும் தறுவாயில் தீவெங்கும் நடந்து செத்த ஆடுகளைத் தேடி எடுக்கிறார்கள். ஒவ்வொரு சடலத்தின் காதிலும் எண் இருப்பதால் அது எந்த ஆண்டில் பிறந்தது, தாய் யார், கிடாயா பெட்டையா என்பதெல்லாம் தெரிந்துவிடும். தீவில் நரி இல்லை, ஓநாய் இல்லை, மேய்ப்பவர் இல்லை, தீவனம் போடுவாரும் அறுப்பாரும் இல்லை. ஆடு வேறெங்கும் போகவும் முடியாது. ஆக, எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் அதற்குக் காரணம் புல், வானிலை, நோய், ஆடுகளே என்ற வட்டத்துக்குள்தான் இருந்தாக வேண்டும்.

எண்ணிக்கை ஏறுவதும் இறங்குவதும் சாதாரணமாக இல்லை. 600 அளவில் இருந்து 2000 வரை ஏறும். பிறகு ஒரே குளிர்காலத்தில் பாதிக்கு மேல் மடிந்துபோகும். சில ஆண்டுகளில் சாவு மூன்றில் இரண்டு பங்கை எட்டியிருக்கிறது.

இதற்குக் கடுங்குளிர்தான் காரணம் என்று யாரும் நினைப்பார்கள். இல்லை. அங்கே ஆட்டைக் கொல்வது வெதுவெதுப்பான குளிர்காலம். வட அட்லாண்டிக் அலைவு என்று ஒன்று உண்டு. ஐஸ்லாந்துப் பக்கமும் அசோர்ஸ் தீவுகள் பக்கமும் காற்றழுத்தம் எதிரெதிராக ஏறி இறங்குவதன் கணக்கு அது. அது ஒரு பக்கம் ஓங்கி நிற்கும் ஆண்டில் வடமேற்கு ஐரோப்பாவுக்கு வெப்பமும் மழையும் பலத்த காற்றும் கலந்த குளிர்காலம் வரும். மயிர் முழுக்க நனைந்து, மேலே காற்றும் அடித்தால் உடம்பின் சூடு ஓடிப்போகும். பட்டினி கிடக்கும் ஆடு அதைத் தாங்காது. இதே வெதுவெதுப்பான குளிர்காலம் தெற்கு நார்வேயில் ஓடைகளை உறையவிடாமல் வைக்கிறது. அங்கே நீருக்குள் மூழ்கி இரை தேடும் டிப்பர் என்ற சிறு பறவை பெருகுகிறது. இதை பெர்ன்ட் எரிக் சேத்தர் குழு 2000இல் காட்டியது. காற்று ஒன்றுதான். ஆட்டுக்கு அது சாவு, பறவைக்கு அது வாழ்வு.

இந்த அலைவுக்குப் பெயர் வைத்தவர் கில்பர்ட் வாக்கர் என்பதை அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1899–1900 பஞ்சத்தின் நினைவு ஆறாத காலத்தில், 1904இல், இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்க வந்த கணிதவியலாளர் அவர். நம் பருவமழை எப்போது பொய்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி தேடி, உலகெங்கும் இருந்து அழுத்தம், வெப்பம், மழைக் கணக்குகளைத் திரட்டி ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கச் செய்தார். அந்த உழைப்பிலிருந்துதான் 1920களில் தெற்கு அலைவு, வட அட்லாண்டிக் அலைவு என்ற பெயர்கள் பிறந்தன. தெற்கு அலைவுதான் இன்று எல் நினோவோடு, அதாவது பசிபிக் கடல் சில ஆண்டுகளில் வழக்கத்தைவிடச் சூடேறுவதோடு, சேர்த்துப் பேசப்படுவது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நமக்கு அதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பல நேரம் சுணங்கும், தமிழகத்துக்கு வரும் ஐப்பசி, கார்த்திகை மழையோ பல நேரம் கூடும். 2015 அப்படித்தான் ஆனது. நம் வறட்சிக்கு விடை தேடிப் புறப்பட்ட கணக்கு, அட்லாண்டிக் தீவின் ஆட்டுச் சாவை விளக்கப் பயன்பட்டிருக்கிறது. அதை மறுபடி இங்கே கொண்டுவர நாம்தான் ஏனோ அக்கறை காட்டவில்லை.

சரி, வெதுவெதுப்பான ஈரக் குளிர்காலம் வந்தால் ஆடு சாகும், அவ்வளவுதானே என்றால், அதுவும் இல்லை. அதே மோசமான காலநிலை, தீவில் ஆடு குறைவாக இருக்கும் ஆண்டில் வந்தால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. புல் போதுமான அளவு இருக்கும், ஆட்டின் உடம்பில் கொழுப்பு இருக்கும், தாக்குப்பிடித்துவிடும். ஆடு நிறைந்து புல் கட்டையாகிப்போன ஆண்டில் வந்தால்தான் பேரழிவு. உயிரினங்களின் எண்ணிக்கையை வானிலைதான் ஆள்கிறது என்று ஆஸ்திரேலியாவின் சூழலியலாளர்கள் ஆண்ட்ரூவார்தாவும் பர்ச்சும் 1954இல் வாதிட்டார்கள். நெரிசல்தான், தங்களுக்குள் நடக்கும் போட்டிதான் ஆள்கிறது என்றார் அதே நாட்டின் நிக்கல்சன். இந்தச் சண்டை பல பத்தாண்டு நீடித்தது. ஹிர்ட்டாவின் ஆடுகள் இரண்டு தரப்பையும் பாதி சரி என்கின்றன.

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த படி. டிம் கோல்சனும் அவருடைய கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்ட ஆய்வு அது. மோசமான காலநிலை எல்லா ஆட்டையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் குட்டிகளும் கிடாய்களும் ஒருவிதமாகச் சாகின்றன, நடுவயதுப் பெட்டைகள் வேறுவிதமாக. குட்டிக்கு உடம்பில் சேமிப்பு இல்லை. கிடாயோ குளிர்காலத்துக்குச் சற்று முன்னால், இணைசேரும் பருவத்தில், மேய்ச்சலை மறந்து பெட்டைகளின் பின்னால் ஓடி இளைத்துப்போய் நிற்கிறது. ஆகவே 1500 ஆடு என்ற ஒரே எண்ணிக்கை, ஒரே வானிலை, ஆனால் ஓர் ஆண்டில் அது குட்டியும் கிடாயுமாக இருக்கிறது, இன்னோர் ஆண்டில் நடுவயதுப் பெட்டைகளாக இருக்கிறது என்றால் இரண்டு ஆண்டின் முடிவும் வேறு வேறு. எத்தனை என்று கேட்டால் போதாது, யார் யார் என்று கேட்க வேண்டும்.

இதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது எளிது. ஐந்தொகையின் அடியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஒரு கடையை எடைபோட்ட செட்டியார் எவரும் இருந்ததில்லை. வசூலாகும் பாக்கி எது, வாராக்கடன் எது, எத்தனை ஆண்டுப் பாக்கி என்று வரி வரியாகப் பார்ப்பார்கள். ஆடு, மாடு, பறவை விஷயத்தில் மட்டும் மொத்தத்தோடு நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம்.

நாம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் கீதாரிகளைச் சேர்க்கக் கூடாது. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து ஆட்டுக்காரர்கள் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுக்கொண்டே ஊர் ஊராக நகர்பவர்கள். இரவில் ஆட்டை வயலில் அடைத்துப்போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய் உள்வாயில் பங்குனி வெயிலில் கிடையோடு இருந்த ஒரு பெரியவரிடம், எத்தனை ஆடு ஐயா என்று கேட்டேன். அவர் எண் சொல்லவில்லை. எண்ணிச் சொன்னால் கண்பட்டுவிடும் என்ற பழைய அச்சம் ஒரு பக்கம் இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன பதில் எண்ணைவிடப் பெரிதாக இருந்தது. “சினையாடு பாதிக்கு மேல இருக்கிறது தம்பி. குட்டி போட்டது கொஞ்சம். கிடாய் ரெண்டு மூணுதான், மற்றதைக் கொடுத்துவிட்டேன். பல் போனது சில இருக்கிறது, அதுதான் கவலை” என்றார்.

பல் போனது என்றால் என்னவென்று காட்டச் சொன்னேன். ஒரு தாயாட்டைக் கொம்புப் பக்கமாகப் பிடித்து முழங்காலுக்கிடையில் நிறுத்தி, கட்டைவிரலால் கீழுதட்டை இறக்கினார். செம்மறிக்கு முன்வாயில் மேல்பல் கிடையாது. கீழே எட்டுப் பல், மேலே தடித்த ஈறு. புல்லை இரண்டுக்கும் நடுவில் வைத்து வெடுக்கென்று இழுத்து அறுக்கும். ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குள் பால்பல் இரண்டு விழுந்து பெரிய பல் இரண்டு முளைக்கும். பிறகு நாலு, ஆறு. நாலு வயதை ஒட்டி எட்டும் நிறைந்துவிடும். அவர் காட்டிய ஆட்டுக்கு நடுப்பல் இரண்டும் இல்லை. மிச்சம் இருந்தவை மஞ்சளாகத் தேய்ந்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்து, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நின்றன. ஈறோரம் காய்ந்த அறுகின் நார் ஒன்று சிக்கியிருந்தது. “தழை உயரமாக இருந்தால் உதட்டால் பற்றித் தின்றுவிடும். கோடையில் புல் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்குமே, அதைப் பறிக்கப் பல் வேண்டும். இது இந்தச் சித்திரையைத் தாண்டுவது கஷ்டம்” என்றார். வறட்சி ஒரு மந்தைக்குள் யாரைத் தேடி வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்த ஆய்விலும் படித்ததில்லை.

வறட்சியை மட்டும் அவர் சொல்லவில்லை. மழையையும் சொன்னார், அதுதான் இன்னும் ஆழமானது. மாதக்கணக்கில் காய்ந்த புல்லைத் தின்று இளைத்த மந்தை, ஐப்பசி மழையில் திறந்தவெளியில் விடிய விடிய நனையும். நலிந்தது அதிலேயே போய்விடும். ஹிர்ட்டாவில் ஈரக்காற்று செய்யும் வேலையை இங்கே முதல் மழை செய்கிறது. மழை பெய்து பத்துப் பதினைந்து நாளில் இளம்புல் தளதளவென்று கிளம்பும். அப்போது வருவது துள்ளுமாரி. குடலில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நுண்ணுயிர், திடீரென வந்த செழிப்பான தீனியில் அளவுகடந்து பெருகி நஞ்சு கக்கும் நோய் இது. முதல் நாள் துள்ளி விளையாடிய குட்டி மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்கும். நலிந்த குட்டியை அது தேடுவதில்லை. பால் நிறையக் குடித்து, புல்லும் நிறையத் தின்ற கொழுத்த குட்டியைத்தான் தேடும். மழைக்கு முன்பே தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான். அதற்கும் பிறகு, ஈரச் சாணத்திலும் சேற்றிலும் பெருகும் பொடிக் கொசுபோன்ற பூச்சி பரப்பும் நீலநாக்கு நோய் வரும். உதடு வீங்கி, வாய் புண்ணாகி, குளம்பு நொந்து ஆடு நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும்.

ஆக, ஒரே மழை மூன்று தடவை மந்தைக்குள் நுழைகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு ஆட்டைத் தொடுகிறது. நல்ல மழை, ஆடு பெருகும் என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளும் நமது பேச்சில் இதில் எதுவுமே இல்லை.

நம் மந்தைக்கும் ஹிர்ட்டா மந்தைக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. இங்கே கிடாய்கள் குளிருக்கும் பஞ்சத்துக்கும் காத்திருப்பதில்லை. ஆடி மாதக் கோயில் கிடாவெட்டு, பக்ரீத், தீபாவளி என்று சந்தைக்குப் போய்விடுகின்றன. வறட்சி முற்றினால் பெட்டைகளும் போகும். அந்தத் தீவில் சடலங்களாகத் தெரியும் வீழ்ச்சி இங்கே சந்தையில் விலைச்சரிவாகத் தெரிகிறது. 2015இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாகப் பெய்தது. மந்தைகள் பெருத்தன. அடுத்த ஆண்டு அதே பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. பெரியவர் அந்த ஆண்டைச் சொல்லும்போது மழை இல்லாததைவிட, “ஆடு கூடிப்போன நேரத்தில் மழை இல்லாமல் போனதை” அழுத்திச் சொன்னார். வானிலையும் நெரிசலும் சேர்ந்து அடித்தது என்று தீவில் கண்டதை அவர் தம் மந்தையில் கண்டிருக்கிறார்.

கால்நடைக் கணக்கெடுப்பு என்று ஒன்று நாடு முழுவதும் நடக்கிறது. 19ஆவது 2012இல், 20ஆவது 2019இல். 2015இன் பெருக்கமும் 2016இன் வீழ்ச்சியும் இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போய்விட்டன. பெரும்பணியாக அதைச் செய்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஆண்டுக்காண்டு நடப்பதை அறிய அது கருவி அல்ல என்பதைச் சொல்கிறேன்.

இனி பறவைகள். திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்கள் சேர்ந்தது. பறவைகள் மிரளும் என்பதற்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரை, வக்கா, நீர்க்காகம் எல்லாம் அடையும். ஒவ்வோர் ஆண்டும், இத்தனை ஆயிரம் பறவை வந்தது என்று செய்தி வரும். மழை பெய்த ஆண்டில் கூடும், பொய்த்த ஆண்டில் குறையும்.

அந்த ஆயிரத்தில் யார் யார்? நத்தைக்குத்தி நாரையின் அலகைப் பாருங்கள். மூடிய பிறகும் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்படி ஒரு சந்து இருக்கும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது. வளர வளரத்தான் விழும். ஆட்டுக்குப் பல் எப்படியோ, நாரைக்கு அலகு அப்படி. நல்ல தொலைநோக்கி இருந்தால் இந்த ஆண்டுக் குஞ்சையும் பழைய நாரையையும் பிரித்து எண்ணிவிடலாம். நாரை நீண்ட நாள் வாழும் பறவை. மழை பொய்த்து ஓர் ஆண்டு கூடு கட்டாமல் போனாலும் பெரியவை வேறு நீர்நிலைக்குப் போய்ப் பிழைத்திருந்து அடுத்த மழைக்குத் திரும்பும், மொத்தம் குறையாததுபோலவே தோன்றும். குஞ்சுகளே வராத ஆண்டுகள் இரண்டு மூன்று சேர்ந்தால், அதன் பலன் பெரியவை முதுமையில் உதிரும்போதுதான் தெரியும். அப்போது பெய்யும் எந்த மழையும் உடனே கைகொடுக்காது. அவற்றின் இரையான நத்தையும் ஒரு பருவம் பின்தங்கித்தான் கணக்குத் தீர்க்கும். கோடையில் சேற்றுக்கடியில் புதைந்து உறங்கி, மழைக்கு எழுந்து வருவது அது. போன கோடையில் கண்மாய்ச் சேறு முழுவதும் காய்ந்து வெடித்திருந்தால், இந்த ஆண்டு தண்ணீர் நிறைந்தாலும் எழுந்து வர நத்தை மிஞ்சியிருக்க வேண்டுமே.

ஹிர்ட்டாவுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி போரரே என்ற இன்னொரு தீவிலும் ஆடுகள் உண்டு. நடுவில் கடல், ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. ஆனாலும் இரண்டு தீவிலும் எண்ணிக்கை பெரும்பாலும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே விழுகிறது. பிரையன் கிரென்ஃபெல் குழு 1998இல் இதை ஆராய்ந்தது. பொதுவான வானிலை தனித்தனிக் கூட்டங்களை ஒரே தாளத்துக்கு இழுக்கும் என்று பேட்ரிக் மோரன் 1953இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். செட்டிநாட்டுக் கண்மாய்கள் எல்லாமே ஒரே வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. நிறைந்தால் எல்லாம் நிறையும், காய்ந்தால் எல்லாம் காயும். ஒரு கண்மாய் காய்ந்தால் பக்கத்துக் கண்மாய் இருக்கிறது என்ற ஆறுதல், மழை பொய்த்த ஆண்டில் பறவைக்குக் கிடையாது. வரத்துக்கால் தூர்ந்துபோகாமல், கடைசித் தண்ணீரைச் சித்திரை வரை பிடித்துவைக்கும் ஒன்றிரண்டு ஆழமான கண்மாய்கள் இதனால்தான் மற்றவற்றைவிடப் பன்மடங்கு முக்கியம்.

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சில், எது குறையும் எது கூடும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஹிர்ட்டாவில் குளிர்காலம் சுருங்கி, புல் கிடைக்கும் காலம் நீண்டபோது நடந்தது எவரும் எதிர்பாராதது. ஆடுகள் சிறுத்துவிட்டன. முன்பு முதல் குளிர்காலத்தில் செத்திருக்கக்கூடிய சிறிய, மெதுவாக வளரும் குட்டிகளும் இப்போது பிழைத்துக்கொள்வதே அதற்குக் காரணங்களில் ஒன்று என்று அர்பத் ஓஸ்குல், கோல்சன் குழு 2009இல் விளக்கியது. குட்டிகளின் எடையை ஆண்டு தவறாமல் யாரோ தராசில் போட்டுக் குறித்துவைத்திருக்காவிட்டால் அது தெரிந்தே இருக்காது.

நம்மிடம் குறிக்க ஆள் இருக்கிறது. கண்மாய்க் கரையில் குடியிருப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கீதாரிகள். ஒரு நோட்டு போதும். கார்த்திகையில் தொடங்கிப் பங்குனி வரை மாதம் ஒரு நாள், ஒரே கண்மாய், ஒரே கரை, ஒரே நேரம். மடைக்கல்லில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று முதல் பத்தியில். அலகில் சந்து விழுந்த நாரை இரண்டாவதில், விழாதது மூன்றாவதில். கூட்டில் குஞ்சு தெரிந்தால் நான்காவதில். கிடைக்காரர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் சினை, குட்டி, பல் போனது என்று அவர் சொல்கிறபடியே கடைசிப் பத்தியில். பறவையே வராத ஆண்டிலும் அந்தப் பக்கத்தைக் காலியாக விடாமல் பூஜ்யம் எழுதித் தேதி போடுங்கள். பிற்காலத்தில் கணக்குப் பார்ப்பவருக்கு அந்தப் பூஜ்யங்கள்தான் முதலில் தேவைப்படும்.